முறைப்படி வாசித்தவர்

1937 மே 16, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வாசிகசாலையின் கூட்டக் குறிப்பேட்டில் அந்தத் திகதிக்குக் கீழே என் கையெழுத்தில் இவ்வாறு இருக்கிறது: "சோளகக் காலத்தில் பத்திரிகைகள் பிந்தி வருவதால், வந்தவற்றைத் திகதி முறைப்படி, நாளுக்கு ஒன்றாகச் சபையில் வாசிப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. பிந்திய திகதிப் பத்திரிகையை முந்திய திகதிப் பத்திரிகைக்கு முன் எவரும் பிரிக்கலாகாது. சபை ஏகமனதாக ஏற்றது."

ஏகமனதாக என்று எழுதியிருக்கிறேன். அன்று வந்திருந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் இருவர் வாங்குப் பலகையில் சாய்ந்து நித்திரை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவரைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. நெடுந்தீவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்களும் குறைவு. கிளாக்கர் என்றால் அவர்தான்.

எங்கள் தீவை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசத் தொடங்கும். புரட்டாதி வரை நிற்காது. அந்த மாதங்களில் பல நாட்களுக்குப் பாய் விரித்து ஓடும் வத்தை ஓடாது. வலை காயும். கிணற்று நீர் கீழே போய் உப்பேறும். மாடுகள் புல்லில்லாத வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும். மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான். வேலை இல்லாதவர்களின் களைப்பு வேலை செய்தவர்களின் களைப்பைவிடக் கனமானது என்பதை நான் அந்த மாதங்களில்தான் கண்டேன்.

அந்தக் காலத்தை வீணாக்கக்கூடாது என்று சொன்னவர் கிளாக்கர். மலைநாட்டில் ஒரு சிறு பட்டினத்தை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதிவிட்டு வந்தவர். அந்தப் பட்டினத்தில் ஒரு வாசிகசாலை இருந்ததாம். நம் சோளகம்தான் அங்கே மழையாக இறங்குமாம். வெளியே போக முடியாத அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குக் கதை நேரம், பெரியவர்களுக்குப் பேச்சு, பெண்களுக்கு வாசிப்பு என்று ஒழுங்கு செய்வார்களாம்.

"அங்கை மழை, இஞ்சை வெறுங் காத்து. ரெண்டும் ஒரே காத்துத்தான் வாத்தியார். அங்கை செய்தவங்கள் இஞ்சை ஏன் செய்ய ஏலாது?" என்று என்னிடம் கேட்டார். நான் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, வாசிகசாலைக்கு எழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். செய்யலாம் என்றேன்.

அப்படி ஆரம்பித்தவைதான் எங்கள் சோளக நிகழ்ச்சிகள். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளின் ஒப்புவித்தல், பின்னேரம் விவாதம். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குப் பேப்பர் வாசிப்பு, ஞாயிறும் விலக்கில்லை. முருகைக்கல் மதிலும் ஓலைக்கூரையுமாக இருந்த அந்த ஒற்றை அறையில் ஆண்களுக்கு நான்கு வாங்கு, பெண்களுக்கு மறுபக்கம் பாய். காற்றுப்பக்க யன்னலைத் தட்டியால் கட்டிவிடுவோம். அப்படியும் மேசையில் இருந்த பேப்பரை இரண்டு கல்லுக்குக் கீழே வைத்துத்தான் வாசிக்கவேண்டும்.

கிளாக்கரிடம் இருந்தது ஒரே குணம். முறை. அவரைப் பற்றி எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் அது அங்கேதான் போய் நிற்கும்.

பிள்ளைகளை அவரவர் பிறந்த திகதிப்படி இருத்துவார். இரட்டைப் பிள்ளைகள் இருவர் வந்தபோது தாயை வரச்சொல்லி எவன் முந்தியவன் என்று கேட்டறிந்துவிட்டுத்தான் இருத்தினார். விவாதத்தில் பேசுபவர்களின் பெயரை முதல் நாளே எழுதி, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று சுவரில் ஒட்டிவிடுவார். ஒரு சனிக்கிழமை, வத்தை நல்லதா மோட்டர்ப் படகு நல்லதா என்று விவாதம். மூன்றாவதாகப் பேச வேண்டியவர் மாடு காணாமற்போய்த் தேடப் போய்விட்டார். நாலாவது ஆள் எழுந்தார்.

"இரும்," என்றார் கிளாக்கர். "இது மூண்டாவது ஆளின்ரை நேரம்."

"ஆள் இல்லையே கிளாக்கர்."

"ஆள் இல்லை. நேரம் இருக்குத்தானே."

மேசையில் மணிக்கூட்டை வைத்துவிட்டு அவரும் இருந்துவிட்டார். ஐந்து நிமிஷம் நாற்பது பேர் வாய் திறக்காமல் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாவது நிமிஷம் முடிந்ததும், "நல்லாய்ப் பேசினார்" என்று பின்னால் இருந்த வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அறை முழுவதும் சிரித்தது. கிளாக்கரும் சிரித்தார். ஆனால் அடுத்த முறையும் அப்படியேதான் செய்தார்.

பேப்பர் வாசிப்பில்தான் இந்தக் குணம் உச்சத்துக்குப் போகும். வத்தை எட்டு, பத்து நாட்களுக்கு ஒருமுறை வந்தால் பேப்பர் கட்டாக வரும். தீவில் வேறெவருக்கும் நாளிதழ் வருவதில்லை. கிளாக்கர் கட்டைப் பிரித்து, திகதிப்படி அடுக்கி, அன்றைக்குரிய ஒன்றை மாத்திரம் மேசையில் வைத்து, மற்றவற்றை அலுமாரியில் வைப்பார். அலுமாரிக்குப் பூட்டு இருக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டு, திகதியையும் கிழமையையும் சொல்லி, முதற் பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்தில் புகையிலை விலை வரை ஒரு வரியும் விடாமல் வாசிப்பார். இருட்டுவதற்கு முன் இரண்டாவது தாளுக்கு நேரம் இராது. காற்று விழுந்த பிறகு, புரட்டாதிக் கடைசியில், காலையிலும் பின்னேரமுமாக நாளுக்கு இரண்டு வாசித்து உலகத்தை எட்டிப் பிடிப்போம்.

"உலகம் எங்கை நிக்குது, நாங்கள் எங்கை நிக்கிறம்?" என்று கேட்பார்கள்.

"உலகம் நாளைக்கு முடிஞ்சுபோச்செண்டாலும் எங்களுக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கடாப்பா" என்று யாரோ பதில் சொல்வார்கள். இந்தப் பகிடி ஒவ்வொரு சோளகத்திலும் வரும். முதல் வருஷம் சிரித்தோம். பிறகு சிரிப்பதற்கும் அலுப்பாக இருந்தது.

நான் ஒருமுறை அவரைத் தனியாகக் கேட்டேன், பிந்திய பேப்பரை முதலில் பார்த்தால் என்ன குறைந்துபோகும் என்று. தோட்டத்தில் துரைமார் கிளப்பில் வாசித்து முடித்த பேப்பர்தான் கிளாக்கர்மாருக்கு வருமாம், பத்து நாள் கழித்து, கட்டாக.

"எங்களுக்கு எப்பவும் பழசுதான் கிடைச்சது வாத்தியார். மற்றவங்கள் கடைசிப் பேப்பரை இழுத்துப் பாத்துப்போட்டு மிச்சத்தை அடுப்பெரிக்கக் குடுத்திடுவங்கள். நான் ஒழுங்காய் முதலிலை இருந்து வாசிச்சனான். பழசை ஒழுங்காய் வாசிச்சால் அது எனக்குப் புதுசு. இடையிலை ஒண்டைத் தாண்டினால்தான் எல்லாம் பழசாப்போகும்."



இரண்டாம் வருஷச் சோளகத்தில் வேலுப்பிள்ளையின் விஷயம் நடந்தது. வேலுப்பிள்ளை எங்கள் பக்கத்தில் அதிக மாடு வைத்திருந்தவர். அவருடைய தம்பி தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். அங்கே வெள்ளம் என்று வத்தையில் வந்தவர்கள் சொன்னார்கள். வேலுப்பிள்ளை வாசிகசாலைக்கு ஓடி வந்து, கட்டில் கடைசிப் பேப்பரைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். கிளாக்கர் தீர்மானத்தைக் காட்டினார். சபையில் கேட்டாலும் நான் சம்மதியேன் என்றார். ஆறு நாள். முதல் நாள் தண்ணீர் ஆற்றங்கரை ஏறியது. மூன்றாம் நாள் கடைத்தெருவின் படியை எட்டியது. ஐந்தாம் நாள் கூரையில் இருந்த ஆட்களைத் தோணியில் ஏற்றினார்கள். ஆறாம் நாள் பேப்பரில் தண்ணீர் வடிந்துவிட்டது. நாங்கள் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே வடிந்துவிட்ட தண்ணீர் அது. தம்பிக்கும் கடைக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் வேலுப்பிள்ளை அந்த ஆறு நாளும் சோறு சரியாகத் தின்னவில்லை. அதைப் பகிடியாக எல்லாரிடமும் சொல்வார். சொல்லும்போது முகத்தில் பகிடி இராது.

இனி 1941.

கிளாக்கருக்கு ஒரே மகள், பரமேஸ்வரி. தாய் இல்லாத பிள்ளை. எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை அடக்கி இருத்துவது அவள்தான். ஆசிரிய கலாசாலைக்கு எடுபடுவதற்கான சோதினையை அந்த வருஷத் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் போய் எழுதியிருந்தாள். அதுதான் அவளுக்குக் கடைசி முறை. அடுத்த வருஷம் வயதெல்லை கடந்துவிடும். மறுமொழி, அதாவது சோதினை முடிவு, பேப்பரில் எண்களாக வரும், தனிக்கடிதம் வராது, எடுபட்டவர்கள் பத்திரங்களோடு குறித்த திகதிக்குள் யாழ்ப்பாணத்துக் கல்விக் கந்தோருக்கு நேரில் போக வேண்டும் என்று முன்னமே அறிவித்திருந்தார்கள். முந்திய வருஷங்களில் அதற்கு ஒரு மாதம் தவணை கொடுப்பது வழக்கம்.

அந்தச் சோளகத்தில் யூலை மூன்றாந் திகதிப் பேப்பர் வரை வாசித்திருந்தோம். பிறகு படகு இல்லை. 14ஆந் திகதி திங்கட்கிழமை மத்தியானம் படகோட்டி பொன்னையாவின் வத்தை அக்கரை ஊர்காவற்றுறையிலிருந்து ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஒன்பது பேப்பர் வந்தது. கட்டை என் கையில் தந்துகொண்டே பொன்னையா சொன்னார்: "ஊர்காவற்றுறையிலை கதைக்கினம், வாத்திமாற்றை சோதினை மறுமொழி வந்திட்டுதாம். கிளாக்கரிட்டைச் சொல்லும்."

சொன்னேன். அவர் தலையை மாத்திரம் அசைத்தார்.

நாலு மணிக்கு அறை நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் பரமேஸ்வரி என் மனைவி நாகம்மாவுக்கு அருகில் இருந்தாள். கிளாக்கர் ஒன்பது பேப்பரையும் மேசையில் அடுக்கினார். நாலாந் திகதிப் பேப்பரை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். பிறகு கழற்றினார். நான்கு சோளகத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"சபையிட்டை ஒண்டு கேக்கவேணும்," என்றார். "என்ரை பிள்ளையின்ரை சோதினை மறுமொழி இந்தக் கட்டுக்குள்ளை கிடக்காம். போகவேண்டிய திகதியும் போட்டிருப்பினம். சபை ஓம் எண்டால் ஒருக்கால் தேடிப் பாக்கிறன். இல்லையெண்டால் முறைப்படி."

அவர் எங்களிடம் ஒன்றைக் கேட்கிறார் என்பது விளங்கவே சிறிது நேரம் எடுத்தது. பிறகு வேலுப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"கிளாக்கர், என்ரை தம்பிக்காரன் தண்ணிக்குள்ளை நிண்டபோது நீர் என்ன சொன்னனீர்?"

"முறைப்படி எண்டு சொன்னனான்."

"எனக்கு ஆறு நாள். உம்மடை பிள்ளைக்கு ஒன்பது நாள். மிச்சம் மூண்டு நாள்தானே, பொறுக்க ஏலாதோ?"

சிரிப்பு எழுந்தது. வேலுப்பிள்ளையும் சிரித்தார். அவர் பழிவாங்கச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஒரு குத்து விட்டால் கிளாக்கரும் சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார் என்றே அவர் நினைத்திருக்கவேண்டும். நாங்களும் அதைத்தான் எதிர்பார்த்தோம். ஆனால் கிளாக்கர் சிரிக்கவில்லை. ஓம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து நாகம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கோவன்," என்று வாயசைத்தாள். குறிப்பேடு என் மடியில் இருந்தது, பேனை கையில் இருந்தது. நான் முன்மொழிந்தால் எவரும் மறுத்திருக்கமாட்டார்கள். வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்று இருந்தேன். ஒரு மாதத் தவணை இருக்கிறதே, ஒன்பது நாளில் என்ன போய்விடும் என்றும் நினைத்தேன். காற்று தட்டியை அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்று ஒரு வசனம் சொல்வது அன்று பெரிய பாரமாக இருந்தது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

கிளாக்கர் ஒரு நிமிஷம் பொறுத்தார். அவருடைய கணக்கில் மௌனம் ஒரு பதில். கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"யூலை நாலாந் திகதி, வெள்ளிக்கிழமை," என்று வாசிக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் நாகம்மா பரமேஸ்வரியைக் கிணற்றடியில் மறித்துக் கேட்டிருக்கிறாள்.

"போய்ப் பாரன் பிள்ளை. அந்த அலுமாரிக்குப் பூட்டே கிடக்கு?"

"ஐயா சபையிலை கேட்டவர் அக்கா. சபை ஓம் எண்டு சொல்லேல்லை. நான் போய்ப் பாத்தால் ஐயா களவெடுத்த மாதிரி."

"திகதி கிட்டவாய்ப் போட்டிருந்தால்?"

"அதைத்தான் அக்கா நானும் யோசிக்கிறன்," என்றாளாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

அவள் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வந்தாள். பாயின் அதே ஓரத்தில் இருந்தாள். ஐந்தாந் திகதி, ஆறாந் திகதி, ஏழாந் திகதி. ஐரோப்பாவில் படைகள் நகர்ந்தன. கொப்பரா விலை இறங்கியது. யாரோ ஒருவர் மருந்தெண்ணெய் விற்றார். எல்லாவற்றையும் அவள் கேட்டாள். கிளாக்கரின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பக்கம் திருப்பும்போது அடுத்த பக்கத்தின் மேற்பகுதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கீழே இறக்குவதைக் கண்டேன். முன்பு அப்படிச் செய்பவரல்லர். வாசிக்கும் வரிக்கு முன்னால் தன் கண் ஓடிவிடக்கூடாது என்று அவர் கையால் அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

20ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை பத்தாந் திகதிப் பேப்பர். மூன்றாம் பக்கத்தில் அறிவித்தல் இருந்தது. எண்களை ஒவ்வொன்றாக, எழுத்தெண்ணி வாசித்தார். பரமேஸ்வரியின் எண் வந்தது. பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். நாகம்மா அவளைக் கட்டிப்பிடித்தாள். வேலுப்பிள்ளை எழுந்து, "பாத்தீரோ கிளாக்கர், பொறுத்ததுக்குப் பலன்!" என்று கத்தினார். கிளாக்கர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். பட்டியலில் இன்னும் எண்கள் இருந்தன. அவற்றையும் வாசித்தார். பிறகு கீழே இருந்த வசனத்தை வாசித்தார். மேற்படி எண்ணுடையோர் யூலை 18, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முன் பத்திரங்களுடன் கந்தோருக்குச் சமுகமளிக்க வேண்டும். தவறுவோரின் இடம் அடுத்த எண்ணுக்கு வழங்கப்படும்.

அவர் அந்தத் திகதியை இரண்டாந் தரம் வாசித்தார். ஒரு வரியை அவர் இரண்டு முறை வாசித்து நான் கேட்டது அன்றுதான்.

பாயில் இருந்தவள் நாகம்மாவின் கையை மெல்ல விலக்கினாள். வேலுப்பிள்ளை நின்றபடி நின்றார், இருக்க மறந்துவிட்டார். கிளாக்கர் நாலாம் பக்கத்தைத் திருப்பினார். விலைவாசி, விளம்பரம் எல்லாவற்றையும் வாசித்து முடித்தார். முடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. போயிருக்கலாம்.

21ஆந் திகதி புறப்பட்ட முதல் வத்தையில் தகப்பனும் மகளும் யாழ்ப்பாணம் போனார்கள். வியாழக்கிழமை திரும்பினார்கள். நான் இறங்குதுறைக்குப் போயிருந்தேன்.

"அடுத்த எண்ணைக் கூப்பிட்டாச்சாம்," என்றார் கிளாக்கர். "கந்தோரிலை இருந்த பொடியன் நல்லவன். இருக்கக் கதிரை தந்தவன். முறைப்படிதான் செய்திருக்கிறான். நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன்."

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். பரமேஸ்வரி இடைமறித்தாள். கோபமாகச் சொல்லவில்லை. நெடும்பயணம் செய்தவளின் குரல்.

"ஐயாவைக் குறை சொல்லாதையுங்கோ வாத்தியார். ஐயா கேட்டவர். நீங்கள்தான் ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லேல்லை."

அடுத்த சோளகத்தில் வேலுப்பிள்ளை தானே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார், அவசரமான விஷயத்துக்குப் பிந்திய பேப்பரை முதலில் பார்க்கலாம் என்று. நான் வழிமொழிந்தேன். கிளாக்கர் எதிர்க்கவில்லை. கட்டு வந்ததும் கடைசிப் பேப்பரைக் கேட்டவரிடம் கொடுத்துவிட்டு, தன் இடத்தில் இருந்து முதற் பேப்பரை வாசிப்பார். ஆட்கள் கடைசிப் பேப்பரைச் சுற்றி முற்றத்தில் நின்றார்கள். யுத்தத்தால் பேப்பரும் மெலிந்துவிட்டது. உள்ளே இரண்டு மூன்று பேர், சிலநாள் நான் மட்டும். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. திகதியையும் கிழமையையும் சொல்லித்தான் தொடங்குவார்.

பரமேஸ்வரியைக் காரைநகரில் கட்டிக்கொடுத்தார்கள். 1943 ஐப்பசியில் அவரும் அங்கே போய்விட்டார். அடுத்த வருஷம் சோளக நிகழ்ச்சிகள் நடக்கவில்லை. எவரும் நிறுத்தவில்லை, ஒருவரும் தொடங்கவில்லை.

இதை 1949இல் எழுதுகிறேன். பல வருஷமாக எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அன்று நான் ஓம் என்று சொல்லியிருந்தால், திங்கட்கிழமையே அறிவித்தலைக் கண்டிருந்தால், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அவள் யாழ்ப்பாணம் போயிருக்க முடியுமா? என் நாட்குறிப்பில் 15 முதல் 18 வரை நான்கு நாளும் ஒரே சொல்தான்: "காற்று." இறங்குதுறைப் பக்கம் நான் போகவில்லை. 21ஆந் திகதிக்கு முன் வத்தை எதுவும் ஓடவில்லை என்று வேலுப்பிள்ளை அடித்துச் சொல்கிறார். அவர் அப்படித்தான் சொல்வார், எனக்கும் அதை நம்ப விருப்பம். ஆனால் பொன்னையா இறந்த பிறகு அவருடைய மகன் வேறொன்று சொன்னான். ஒரு சோளகத்தில், யூலை நடுவில், பிள்ளைப்பேற்று நோவில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு தகப்பன் ஊர்காவற்றுறைக்கு வத்தை ஓட்டினாராம். புதன்கிழமை என்பது நினைவிருக்கிறதாம். வருஷம் 41ஆ, 42ஆ என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடமும் போனேன். பிள்ளை தங்கவில்லை, ஆகையால் பிறப்புப் பதிவும் இல்லை.

"எந்த வருஷமெண்டு ஆர் கண்டது வாத்தியார்," என்றாள். "காத்து எல்லா வருஷமும் ஒண்டுதானே."

1941 யூலை 16ஆந் திகதி புதன்கிழமை நெடுந்தீவிலிருந்து வத்தை ஒன்று புறப்பட்டதா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.